கஸ்ஸாவின் பிள்ளைகளும் ஒரு மனநலப் பணியும்

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் எனக் கடலோரம் வாழும் தமிழ் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் தலைவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர் எதுவென்று மதரஸாவில் ஓதும் சிறுவனைக் கேட்டாலும் 'கஸ்ஸா' என்று விடை கூறிவிடுவான். ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு, கி.பி. 767இல், அங்கே பிறந்து தந்தையை இழந்த அக்குழந்தையைத் தாயார் இரண்டு வயதளவில் மக்காவுக்கு எடுத்துச் சென்று வறுமையிலே வளர்த்தெடுத்தார். பெருமானார் (ஸல்) அவர்களுடைய பாட்டனார் அப்துல் முத்தலிபின் தந்தை ஹாஷிம், வாணிகப் பயணத்தின்போது காலமாகி அடங்கியதும் அவ்வூரிலேயே என்பர். அதனால் 'கஸ்ஸத்து ஹாஷிம்' என்றும் அரபியர் அதனை அழைப்பர். நாளேடுகள் 'காசா' என்று எழுதுவது இவ்வூரைத்தான். ஊரின் பழம்பெருமை பேசுவதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்று, பிள்ளைகளின் உள்ளத்துக்கு மருந்திடும் வேலையை ஊர்ப் பொதுவேலையாக்கிய ஒரு பணியின் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிய வேண்டுமென்பதே நமது அவா.

உள்ளத்து நோய்க்கு மருத்துவம் செய்வது நம் மூதாதையர் அறியாத கலையன்று. பல்க் நாட்டுப் பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹிஜ்ரி 322, கி.பி. 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் தமது நூலை இரு பாகமாக வகுத்து, ஒன்றை உடலுக்கும் மற்றொன்றை உள்ளத்துக்கும் அளித்தார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத தீய எண்ணம் ஆகிய நான்கையும் உள்ளத்தின் நோவுகளாகக் கொண்டு அவர் ஆராய்ந்துள்ளார். உடல்நோய் நெடுங்காலம் வராமலே வாழ்பவரும் உண்டு, உள்ளத்து நோவு தீண்டாதவர் எவருமில்லை என்பது அப்பெரியாரின் கருத்து. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையிலும் மனம் பேதலித்தோருக்கென இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மாரிஸ்தான் எனப்பட்ட அம்மனைகள் வக்ஃபு வருவாயைக் கொண்டே நடைபெற்றன.

நம் மேடைகளில் இச்செய்திகள் மிகுந்த பெருமையுடன் சொல்லப்படுகின்றன. சொல்வோர் ஒன்றை மட்டும் விட்டுவிடுகின்றனர். 1184இல் டமாஸ்கஸ் மாரிஸ்தானை நேரில் கண்ட அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், பித்தருக்கும் அங்கே ஒருவகைச் சிகிச்சை உண்டென்று எழுதிய அதே இடத்தில், அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். எகிப்தியரின் பேச்சு வழக்கில் அந்த மாரிஸ்தான் என்னும் சொல்லே நாளடைவில் திரிந்து, பைத்தியக்கார விடுதி என்று பொருள்படலாயிற்று. சங்கிலியைப் பற்றிப் பேச நாம் டமாஸ்கஸுக்குப் போக வேண்டியதுமில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பிணித்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையானதை யாரால் மறக்கவியலும்!

சங்கிலிக்கு முன்பே நோயாளியைப் பிணிப்பது ஒரு சொல்லாகும். அரபியில் 'ஜன்ன' என்னும் வினைக்கு 'மறைத்தான்' என்று பொருள். கண்ணுக்கு மறைந்த ஜின்னும், கருப்பையில் மறைந்திருக்கும் சிசுவாகிய ஜனீனும், மரங்களால் மூடுண்ட சோலையாகிய ஜன்னத்தும், அறிவு மறைக்கப்பட்ட மஜ்னூனும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். இலக்கணம் படிக்கும் மாணவனுக்கு இது சுவையான செய்தி. ஆனால் தன் மகளை ஊரார் 'மஜ்னூனா' என்றுவிட்டால் பெண் கேட்டு எவரும் வாராரே என்று நடுங்கும் தாய்க்கு அச்சொல் இடி போன்றது. பிள்ளை இரவில் அலறினால் ஓதிப்பார்ப்பவரிடம் கொண்டுபோவாள், தாயத்துக் கட்டுவாள், மனநல மருத்துவரின் வாசலை மட்டும் மிதியாள். கஸ்ஸாவில் நிலை இதுவாகவே இருந்தது.

அந்நிலையில்தான் 1977இல் டாக்டர் இயாத் அஸ்ஸர்ராஜ் அவ்வூருக்குத் திரும்பினார். தெற்குப் பலஸ்தீனத்தின் பிஃருஸ்ஸபஃ நகரில் பிறந்து, 1948இல் சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் அகதியாகி கஸ்ஸாவில் வளர்ந்தவர் அவர். அலெக்சாந்திரியாவில் மருத்துவமும் லண்டனில் மனநல மருத்துவமும் பயின்றார். கஸ்ஸாவின் முதல் மனநல மருத்துவர் அவரே. 41 கிலோமீட்டர் நீளமும் 365 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட அந்நிலத்துண்டில், மக்களில் பெரும்பகுதியினர் 1948இன் அகதிகளும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். 1967 முதல் அது இஸ்ரேலிய இராணுவத்தின் ஆட்சியில் இருந்துவந்தது. பல இலட்சம் உள்ளங்களுக்கு மருத்துவர் ஒருவர்! தம்மிடம் வருவோர் தம் நோயைத் தலைவலி என்றும் வயிற்றுவலி என்றும் நெஞ்சடைப்பு என்றுமே சொல்லக் கேட்டு, உடலின் மொழியில் பேசும் உள்ளத்தைக் கேட்கும் கலையை அவர் அங்கேயே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

1987 டிசம்பரில் இன்திஃபாழா மூண்டது. உடையில் படிந்த தூசியை உதறுவதைக் குறிக்கும் சொல் அது. கல்லெறிந்தோரிலே பெரும்பாலோர் சிறுவர்களும் வாலிபர்களும். கண்ணீர்ப்புகை, நள்ளிரவுச் சோதனை, இரவுதோறும் ஊரடங்கு, வாரக்கணக்கில் மூடிக்கிடந்த பள்ளிகள் என்று ஆண்டுகள் கழிந்தன. பத்து வயதுப் பையன் மீண்டும் படுக்கையை நனைத்தான். இருட்டினால் தாயின் முந்தானையை விடாத சிறுமி, பேச்சற்றுப் போன பிள்ளை, காரணமின்றித் தம்பியை அடிக்கும் அண்ணன், பள்ளி திறந்தாலும் போக மறுக்கும் மாணவன் என வீடுதோறும் ஒரு கவலை எழுந்தது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவரும் நாம் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாடம் ஏறாத பிள்ளையைச் சோம்பேறி என்றும், அடங்காத பிள்ளையைத் துஷ்டன் என்றும் பெயர் எழுதி முடித்துவிடுவது ஆசிரியர் உலகின் பழைய வழக்கம். கஸ்ஸாவின் ஆசிரியர்களும் நம்மைப் போன்றோரே.

1990இல் ஸர்ராஜ் சில தோழர்களுடன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அவர்கள் சூட்டிய பெயரைக் கவனிக்க வேண்டுகிறோம். 'பர்னாமஜு கஸ்ஸா லிஸ்ஸிஹ்ஹத்தின் நஃப்ஸிய்யா'. பர்னாமஜ் என்றால் திட்டம், ஸிஹ்ஹத் என்றால் நலம், நஃப்ஸ் என்றால் உள்ளம். 'கஸ்ஸா உளநலத் திட்டம்' என்று தமிழில் கூறலாம். மாரிஸ்தான் என்னும் சொல் அப்பெயரில் இல்லை. நோய் என்னும் சொல்லும் இல்லை, பித்து என்பதோ அறவே இல்லை. அப்பெயர் எழுதிய வாசலில் நுழையும் தாயை மறித்துநிற்க ஒரு சொல்லும் இல்லாமற் செய்தது, மொழியறிந்தோர் செய்த நற்காரியம் எனலாம்.

பெயருக்கேற்பவே வேலையும் நடந்தது. பெரியதொரு மனநோய் மருத்துவமனையைக் கட்டி நோயாளிகளை அங்கே வரவழைப்பது எங்கும் உள்ள வழக்கம். இவர்களோ கஸ்ஸா நகரிலும் அகதி முகாம்களை அடுத்தும் சிறு நிலையங்களை அமைத்தனர். ஒவ்வொன்றிலும் மருத்துவர், உளவியல் பயின்றவர், சமூகப் பணியாளர், செவிலியர் எனப் பலர் கூடி ஒரே பிள்ளையின் காரியத்தைப் பேசி முடிவு செய்வர். நிலையத்துக்கு வராதோரை நாடிப் பணியாளர்கள் வீட்டுக்கே செல்வர். வீட்டுக்குச் செல்வதால் விளையும் பயன் பெரிது. பிள்ளையின் நோய்க்கு மூலம் பல வேளைகளில் தாயின் துயரத்திலோ, சிறைசென்று மீண்ட தந்தையின் மௌனத்திலோ ஒளிந்திருக்கும். மருத்துவரின் மேசைக்கு முன்னால் வெளிப்படாதது, தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேளையில் தானாகவே வெளிப்பட்டுவிடும். குழந்தைக்கு மருத்துவம் என்பது குடும்பத்துக்கு மருத்துவம் என்றே அவர்கள் கொண்டனர். ஆகவே பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றும் 1990களிலேயே ஏற்பட்டது. சட்ட உதவியும் கைத்தொழிற் பயிற்சியும் மன ஆறுதலும் அங்கே ஒருங்கே கிடைத்தன.

பிள்ளைகளிடம் 'உனக்கு என்ன துயரம்?' என்று கேட்டால் விடை வாராது. துயரத்துக்கு அவர்களிடம் சொல் இல்லை. வண்ணக்கோல்களைக் கொடுத்து வரையச் சொன்னால், தாளில் விமானமும் பீரங்கி வண்டியும் இடிந்த வீடும் வந்து நிற்கும். பொம்மைகளைக் கொடுத்து விளையாடவிட்டால், வீட்டில் நடந்தது விளையாட்டாக நடக்கும். பிள்ளை தன் அச்சத்தைத் தன் கைக்கு அடங்கிய ஒரு பொருளாக வெளியே வைத்துப் பார்க்கிறது. அதை அடுத்து உட்கார்ந்து பதறாமல் பார்த்திருக்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். அத்தகைய பெரியவர்களை ஆயத்தம் செய்வதே அந்நிறுவனத்தின் முதன்மை வேலையாயிற்று. பள்ளி ஆசிரியர்களுக்கும் செவிலியருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. எந்தப் பிள்ளையின் முரட்டுத்தனம் சாதாரணக் குறும்பு, எது நோவின் அடையாளம் என்று அறியவும், எந்நிலையில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெளியவும் அவர்கள் கற்றனர். சமூக மனநலத்துக்கும் மனித உரிமைக்கும் சேர்த்து ஒரு பட்டயப் படிப்பும் நடத்தப்பெற்றது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் நிறுவனம் தன் பள்ளிகளில் ஆலோசகர்களை அமர்த்தியது 2000க்குப் பின்னரே.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுவோம். இத்தனைக்கும் வேண்டிய பணம் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளின் நன்கொடையாக வந்தது. கெய்ரோ மாரிஸ்தானுக்கு வக்ஃபாகக் கடைகளும் நிலங்களும் இருந்தன. கஸ்ஸாவின் பிள்ளைகளுக்கோ ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் நிலை. பள்ளிவாசல் மினாராவுக்கு வாரி வழங்கும் கைகள் இத்தகைய பணிகளுக்கு ஏன் நீளுவதில்லை என்னும் கேள்வி கஸ்ஸாவுக்கு மட்டும் உரியதன்று.

அந்நாளில் கஸ்ஸாவின் தெருக்களில் சிறுவர்கள் ஒரு விளையாட்டு ஆடினர். 'அரபியரும் யூதரும்' என்று அதற்குப் பெயர். ஒரு பிரிவினர் கையில் கல், மற்றவர் கையில் துப்பாக்கியாகப் பாவிக்கும் குச்சி. யூதர் என்று அவர்கள் சொன்னது தம் தெருவில் கண்ட படைவீரரை. வேறு யூதரை அவர்கள் கண்டதில்லை. இவ்விளையாட்டை உற்று நோக்கிய ஸர்ராஜ் ஒன்றைக் கண்டு துணுக்குற்றார். சிறுவர் பலர் படைவீரனாகவே நடிக்க விரும்பினர். துப்பாக்கியும் அதிகாரமும் அவன் கையில் இருந்ததே காரணம். நள்ளிரவில் வீடு புகுந்த வீரர்கள் தந்தையை அடித்ததையும், தந்தை ஒன்றும் செய்ய இயலாது நின்றதையும் கண்ட பிள்ளை, 'எனக்குக் காவல் என் தந்தை' என்னும் நம்பிக்கையை அவ்விரவிலேயே இழந்துவிடுகிறான். பின்பு அவன் வேறொரு தந்தையைத் தேடுகிறான். துப்பாக்கி ஏந்திய எவனும் அவனுக்குத் தந்தையாகிவிடுவான். முதல் இன்திஃபாழாவில் அவ்வாறு வளர்ந்த சிறுவர்களே இரண்டாம் இன்திஃபாழாவில் தம் உயிரையும் பிறர் உயிரையும் மாய்க்கத் துணிந்த இளைஞராயினர் என்று அவர் பலமுறை எழுதினார், பேசினார். அச்செயலை நியாயப்படுத்துவதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. நோயின் வேரைக் காட்டுவது மருத்துவனின் கடன் என்பதற்காகச் சொன்னார்.

ஸமீர் கூத்தா என்னும் உளவியலாரும், பின்லாந்து நாட்டு ரையா-லேனா புனமாகி அம்மையாரும் ஸர்ராஜுடன் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் உலகப் புகழ்பெற்றன. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சை விட்டகலாதது. 1993 செப்டம்பரில் ஒஸ்லோ உடன்பாடு கையெழுத்தானபோது கஸ்ஸாவின் தெருக்களில் மக்கள் கொடிபிடித்துக் கொண்டாடினர். உடன்பாட்டுக்கு முன்னரே சோதித்திருந்த பிள்ளைகளை அதன் பின்னர் மீண்டும் சோதித்தபோது, அவர்களுடைய மனப் பதற்றம் குறைந்திருக்கக் கண்டனர். மாத்திரை எதுவும் தரப்படவில்லை. நாளை நன்றாக இருக்கும் என்னும் எண்ணம் ஒன்றே மருந்தாயிற்று. அவ்வுடன்பாட்டின் பின்கதையை நாம் அறிவோம். மருந்து நெடுநாள் நிற்கவில்லை.

1994இல் பலஸ்தீன அதிகார சபை வந்தது. பலஸ்தீனக் குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் ஆணையத்துக்கு 1995இல் தலைவரான ஸர்ராஜ், தம்மவர் ஆட்சியிலும் சிறையில் சித்திரவதை நடப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1996இல் அவரையே பிடித்துச் சிறையிலிட்டு அடித்தனர். அங்கே தாம் கேட்ட ஒன்றைப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். பக்கத்து அறையில் கைதியை அதட்டிக்கொண்டிருந்த பலஸ்தீன அதிகாரி, சினம் முற்றியதும் அரபியை விட்டு ஹீப்ரு மொழியில் கத்தத் தொடங்கினாராம்! முன்னொரு காலத்தில் தாம் கைதியாக இருந்தபோது எம்மொழியில் அடி வாங்கினாரோ அம்மொழியிலேயே இப்போது அடித்தார் போலும். குச்சியைத் துப்பாக்கியாகப் பிடித்த சிறுவன் வளர்ந்தால் என்னாவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. உள நலமும் மனித உரிமையும் வேறு வேறல்ல என்று ஸர்ராஜ் வற்புறுத்தியதற்குக் காரணமும் இதுவே. 1998இல் மார்ட்டின் என்னல்ஸ் விருதும், 2010இல் ஓலொஃப் பால்மே பரிசும் அவரைத் தேடி வந்தன. மனித உரிமைக்காக உழைத்த இஸ்ரேலிய மருத்துவர்களோடு அவர் இறுதிவரை தோழமை பூண்டிருந்தார். எதிரியின் பிள்ளைக்கும் உள்ளம் உண்டென்பதை மறவாத மனிதர் அவர். 2013 டிசம்பர் 17இல் காலமானார்.

2000 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் இன்திஃபாழாவின்போது, கூத்தாவும் ஸர்ராஜும் 10 முதல் 19 வயது வரையுள்ள 944 பிள்ளைகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டனர். அதிர்ச்சியின் கடும் விளைவால் சிகிச்சை தேவைப்பட்டோர் 32.7 விழுக்காட்டினர். எவ்வித அடையாளமும் இல்லாதோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், ஒரே ஒரு பிள்ளைதான் நலமாக இருந்தான் என்று பொருள். பெற்றோரின் அரவணைப்பு குன்றாத வீடுகளில் பிள்ளைகள் ஓரளவு தாங்கி நின்றனர் என்பதையும் இவர்களுடைய ஆய்வுகள் காட்டின. கடும் நோயுற்றோரை மருத்துவர் பார்க்க வேண்டும். மற்றையோரைத் தாயும் தந்தையும் ஆசிரியரும் தாங்க வேண்டும், அவர்களைத் தாங்குவது நிலையத்தின் வேலை. 1990இல் பெருமருத்துவமனை கட்டாமற் போனது எத்துணைச் சரியான முடிவென்பது இவ்வெண்களால் விளங்கும். நாற்பதில் முப்பத்தொன்பது பேரைச் சேர்க்கும் மருத்துவமனை உலகில் ஏது?

2007 முதல் முற்றுகை. 2008 டிசம்பர் 27 முதல் 22 நாள் போர், 2012இல் எட்டு நாள், 2014இல் ஐம்பது நாள், 2021இல் பதினொரு நாள். ஒவ்வொன்றின் பின்னும் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்றனர். வெளியே செல்ல இயலாத நாட்களில் கட்டணமில்லாத் தொலைபேசி வழியாகத் தாய்மாருக்கு ஆலோசனை கூறினர். அதிர்ச்சிக்குப் பிந்திய நோய் என்று மருத்துவ நூல்கள் ஒன்றைச் சொல்லும். கஸ்ஸாவில் 'பிந்திய' என்பதற்கு இடமே இல்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் கூறலாயினர். ஆறு வயதில் ஒரு போரையும் பத்தில் ஒன்றையும் பன்னிரண்டில் ஒன்றையும் கண்ட பிள்ளைக்கு, எந்த நாளை 'பின்' என்று கொள்வது? காயத்தின் மேல் காயம் படும்போது களிம்பு பூசுபவன் என்ன செய்வான் என்று கேட்போரும் உண்டு. வலியைக் குறைப்பான், காயம் அழுகாமல் பார்ப்பான். அதுவும் சிறிய காரியமன்று.

2023 அக்டோபரில் மூண்ட போர் முன்னவை அனைத்தையும் மறக்கடித்தது. நிலையங்களின் கட்டடங்கள் சிதைந்தன. பணியாளர்கள் தாமே வீடிழந்து, உறவினரை இழந்து, கூடாரவாசிகளாயினர். போருக்கு முன்பே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மனநல உதவி தேவைப்பட்டதென்றும், இப்போது ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது தேவையென்றும் யூனிசெஃப் நிறுவனம் 2024 பிப்ரவரியில் மதிப்பிட்டது. பெற்றோரை இழந்தோ பிரிந்தோ தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் 17,000 பேர் என்பதும் அதே நேரத்து மதிப்பீடு. தாங்கி நின்ற அரவணைப்பே அவர்களுக்கு அற்றுப்போயிற்று.

கட்டடம் போனபின் அந்நிறுவனம் என்னவாயிற்று? முப்பது ஆண்டுகளாக வீட்டுக்குப் போய்ப் பழகிய பணியாளர்கள், வீடுகள் இல்லாதபோது கூடாரங்களுக்குப் போயினர். தங்குமிடமாகிவிட்ட பள்ளிகளிலும், கடற்கரை மணலில் வரிசையாக நின்ற துணிக்கூரைகளின் கீழும் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தனர். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடும் பயிற்சி, பாட்டு, கதை, கிடைத்த இடத்தில் கிடைத்த தாள், வண்ணக்கோல். தாய்மாரைத் தனியே அழைத்து, பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்க வேண்டாம், இரவில் அலறினால் பெயர்சொல்லி அழைத்துக் கையைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பது போன்ற எளிய சொற்களைச் சொல்லிக் கொடுத்தனர். 2025 அக்டோபர் 10இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோதும் பெரும்பாலான பிள்ளைகள் கூடாரங்களிலேயே இருந்தனர். பணியாளர்களும் அவர்களுடனேயே இருந்தனர்.